வானத்தில் ஐந்து வாட்

மலைப்பாதையில் பேருந்து இரண்டு கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டியதும் செல்போனில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். டவர் மூன்று நான்கு கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆனாலும் "ஹலோ, கேக்குதா? ஹலோ!" என்று கத்திக்கொண்டிருப்போம். அதே மலையில், வானம் நன்றாகத் தெரியும் ஒரு மேட்டில் இரண்டு அலுமினியக் குச்சிகளை விரித்து வைத்தால், 800 கிலோமீட்டர் உயரத்தில் போகும் செயற்கைக்கோள் எடுத்த மேகப்படம் லேப்டாப்பில் வரிவரியாக விழுகிறது. நோவா-15 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் 1998-இல் ஏவப்பட்டு, 2025 ஆகஸ்டில் ஓய்வு கொடுக்கப்படும்வரை இப்படித்தான் கேட்டவர்களுக்கெல்லாம் படம் கொடுத்தது. அந்தப் படத்தை அனுப்பிய ஒலிபரப்பியின் சக்தி வெறும் ஐந்து வாட். வராந்தாவில் மாட்டும் சின்ன எல்இடி பல்பு அளவுதான்.

நாலு கிலோமீட்டரிலிருந்து வராதது எண்ணூறு கிலோமீட்டரிலிருந்து எப்படி வருகிறது?

முதல் காரணம் எளியது. டவருக்கும் நமக்கும் நடுவே பாறையும் மண்ணும் கட்டடமும் நிற்கின்றன. தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோளுக்கும் நமக்கும் நடுவே காற்று மட்டுமே இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி முதல் பத்துப் பதினைந்து கிலோமீட்டரிலேயே முடிந்துவிடுகிறது. 137 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு மேகமும் மழையும் ஒரு பொருட்டே அல்ல. மிச்சமிருப்பது, அலை பரவப் பரவ மெலிவது ஒன்றுதான். அது சாதாரண மெலிவும் அல்ல. ஐந்து வாட்டும் எல்லாத் திசையிலும் சிதறி, 800 கிலோமீட்டர் இறங்கி வந்து, நம் குச்சிகளில் சேரும்போது, ஒரு வாட்டை ஒரு லட்சம் கோடிப் பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கில் கால்வாசி தேறும். செயற்கைக்கோள் அடிவானத்தில் இருக்கும்போது தொலைவு 3,300 கிலோமீட்டர் ஆகிவிடுவதால், அதுவும் பதினேழில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இவ்வளவு சொற்பமான சக்தி போதுமா என்றால், போதும். ஏனென்றால் ஒரு சிக்னல் கேட்குமா கேட்காதா என்பதை அதன் பலம் தனியாக முடிவு செய்வதில்லை. கூடவே கேட்கும் இரைச்சலைவிட அது எத்தனை மடங்கு என்பதே கணக்கு. எந்த மின்கம்பியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அந்த ஆட்டம் ஒரு மெல்லிய இரைச்சலாக ஒவ்வொரு ரேடியோவுக்குள்ளும் இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் இதை அளந்தார். அதே ஆய்வகத்தின் ஹாரி நைக்விஸ்ட் அதற்கான காரணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். இருவரின் கட்டுரைகளும் 1928-இல் வெளிவந்தன. ஐந்து வருடம் கழித்து அதே பெல் ஆய்வகத்தின் கார்ல் ஜான்ஸ்கி, வானத்திலிருந்தும் ஓர் இரைச்சல் வருகிறது, அது பால்வீதியிலிருந்து வருகிறது என்று அறிவித்தார். இந்த இரண்டும் இயற்கையின் இரைச்சல்கள். நாம் கேட்கும் அலைப்பட்டையின் அகலம் கூடக் கூட இவையும் கூடும். செல்போன் கோபுரம் ஒரே நேரத்தில் பலருக்கு வீடியோ அனுப்பவேண்டியிருப்பதால் அதன் பட்டை பல மெகாஹெர்ட்ஸ் அகலம். நோவா-15 வினாடிக்கு இரண்டே வரி படம் அனுப்பியது. அதற்கு நாற்பது கிலோஹெர்ட்ஸ் போதும். நிதானமாகக் கொஞ்சமாகப் பேசுகிறவரின் குரல் வலுவில்லாமல் இருந்தாலும் புரியும். இயற்கை இரைச்சல் மட்டும் இருந்தால், அந்தக் கால்வாசிப் பங்கு இரைச்சலைவிட நூறு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும்.

நோவா போய்விட்டாலும் ரஷ்யாவின் மெட்டியோர்-எம் வரிசையில் 2023-இலும் 2024-இலும் ஏவப்பட்ட இரண்டு செயற்கைக்கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் படம் அனுப்புகின்றன. இவை டிஜிட்டல் முறையில், வினாடிக்கு 72,000 பிட் வேகத்தில் அனுப்புவதால் நோவாவைவிடப் படம் தெளிவு. வங்கக்கடலில் புயல் சின்னம் உருவாகும் நாட்களில் அதன் சுழலை யாரும் வரைந்து அனுப்பாமல் நேரடியாக நாமே இறக்கிப் பார்க்கலாம்.

இனி ரேடியோவுக்கு வருவோம். பழைய டிரான்சிஸ்டரைத் திறந்தால் சின்னச் சின்னச் செப்புச் சுருள்களும் மின்தேக்கிகளுமாக இருக்கும். மீடியம் வேவுக்கு ஒரு சுற்று, எஃப்எம்முக்கு ஒரு சுற்று. செயற்கைக்கோள் படம் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்கவேண்டும். மென்பொருள் வானொலி என்று சொல்லத்தக்க எஸ்டிஆர் இந்த ஏற்பாட்டை மாற்றிவிட்டது. முறுக்குப் பிழியும் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். குழல் ஒன்றுதான். உள்ளே போடும் வில்லையை மாற்றினால் தேன்குழலும் வரும், ஓமப்பொடியும் வரும், ரிப்பன் பக்கோடாவும் வரும். எஸ்டிஆரில் கருவி வெறும் குழல். அலையைப் படமாக்குவதா, பேச்சாக்குவதா, மோர்ஸ் சங்கேதமாக்குவதா என்பதைக் கணினியில் ஓடும் நிரல்தான் முடிவு செய்கிறது.

குழலுக்குள் என்ன நடக்கிறது? 137.9 மெகாஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்குப் பதின்மூன்று கோடியே எழுபத்தொன்பது லட்சம் அதிர்வுகள். அத்தனையையும் நேரடியாக அளந்து எண்ணாக்குவது மலிவான சில்லுக்கு ஆகாத காரியம். அதனால் கருவி தனக்குள்ளேயே, உதாரணமாக 137.8 மெகாஹெர்ட்ஸில், ஓர் அலையை உண்டாக்கி வந்த அலையோடு கலக்கிறது. இரண்டு அலைகள் கலந்தால் அவற்றின் வித்தியாசம் தனி அலையாகக் கிடைக்கும்: இங்கே 0.1 மெகாஹெர்ட்ஸ். வேகமான அலையில் இருந்த செய்தி அப்படியே மெதுவான அலைக்கு இடம் மாறிவிடுகிறது. இந்த வித்தியாசத் தந்திரத்தை மறக்கவேண்டாம். 1957-இல் இன்னொரு முறை வரும்.

மெதுவான அலையைக் கருவி வினாடிக்கு இருபது லட்சம் முறைக்கு மேல் அளந்து எண்களாகக் கணினிக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் ஓர் எண் அல்ல, இரண்டு. காரணம் உண்டு. அலையின் உயரம் இப்போது இவ்வளவு என்று மட்டும் தெரிந்தால், அது ஏறிக்கொண்டிருக்கிறதா இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது. கால் அலை இடைவெளியில் இன்னோர் அளவும் கையில் இருந்தால் உயரமும் தெரியும், போக்கும் தெரியும். நாம் வைத்த 137.8-க்கு மேலே இருக்கும் சிக்னலையும் கீழே இருக்கும் சிக்னலையும் குழப்பிக்கொள்ளாமல் பிரிப்பதற்கு இந்த இரட்டை எண்தான் கைகொடுக்கிறது.

இப்படிப்பட்ட கருவிகள் ஒரு காலத்தில் ஆய்வகங்களுக்கும் ராணுவத்துக்கும் மட்டும் கட்டுப்படியாகும் விலையில் இருந்தன. 2012-இல் நிலைமை தலைகீழாயிற்று. கணினியில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்கென்று வெளிநாட்டுச் சந்தைகளில் கட்டைவிரல் அளவு யுஎஸ்பி டாங்கிள்கள் விற்றுக்கொண்டிருந்தன. அவற்றில் ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யு என்ற சில்லு இருந்தது. டிவியைத் தானே பிரித்துக் காட்டும் அந்தச் சில்லு, எஃப்எம் கேட்கும்போது மட்டும் அளந்த எண்களைச் சமைக்காமல் பச்சையாகக் கணினிக்குத் தள்ளிவிடுகிறது என்பதை லினக்ஸ் ஆர்வலர்கள் சிலர் கவனித்தார்கள். பச்சை எண் கிடைத்தால் போதுமே! அந்த டாங்கிளின் பரவலான ஒரு வகை 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1,766 மெகாஹெர்ட்ஸ்வரை எதையும் கேட்கும். ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. டிவி பார்க்க அதை வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்களா என்பது சந்தேகம்.

இதைச் செருகி நிரலை ஓடவிட்டால் திரையில் முதலில் தெரிவது 'வாட்டர்ஃபால்' என்ற அருவித்திரை. இடமிருந்து வலம் அதிர்வெண், மேலிருந்து கீழ் நேரம். இரைச்சல் கருநீலமாக வழிந்துகொண்டிருக்கும். செயற்கைக்கோள் தென் அடிவானத்தில் எழும் நேரத்தில் நீலத்துக்குள் சந்தேகமான ஒரு வெளிறல் தெரியும். அரை நிமிடத்தில் அது மஞ்சள் பட்டையாகத் திரளும். தலைக்கு மேலே வரும்போது ஓரங்கள் கத்தரித்தாற்போல் நிற்கும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வடக்கே போய் மறுபடி நீலத்தில் கரைந்துவிடும். மெட்டியோரின் பட்டை அகலமானது. 437 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும், க்யூப்சாட் என்ற சிறு செயற்கைக்கோள்களில் சிலவற்றின் சிக்னல் ஊசிக்கோடு போல மெல்லியது. அந்தக் கோட்டைத்தான் உற்றுப் பார்க்கவேண்டும். அது நேர்கோடாக வழியாது. வலப்பக்கம் தொடங்கி, நடுவில் சட்டென்று சாய்ந்து, இடப்பக்கம் போய் முடியும்.

டாப்ளர் விளைவுதான். ரயில்வே கேட்டில் நிற்கும்போது, நெருங்கும் எஞ்சினின் ஹாரன் கீச்சென்றும் நம்மைக் கடந்ததும் கனத்தும் கேட்கிறதே, அதே இயற்பியல். செயற்கைக்கோள் வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போவதால், 437 மெகாஹெர்ட்ஸில் பேசினால் வரும்போது சுமார் 10 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும் போகும்போது அதே அளவு குறைவாகவும் கேட்கும். இதை ஒரு தொந்தரவாக நினைத்து நிரல்கள் திருத்திக்கொள்கின்றன. என் பார்வையில், கேட்கும் செய்தியைவிட இந்த வளைவுதான் சுவாரஸ்யமானது.

முன்பு சொன்ன 1957-க்கு வருவோம். அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்ற செயற்கைக்கோளை ஏவியது. அதன் ஒலிபரப்பி ஒரு வாட்; அதிர்வெண்களில் ஒன்று 20.005 மெகாஹெர்ட்ஸ். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்திலிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் வில்லியம் கையர், ஜார்ஜ் வைஃபென்பாக் என்ற இரண்டு இளம் இயற்பியலாளர்கள், யாரும் சொல்லாமல் தாங்களாகவே அதைக் கேட்க உட்கார்ந்தார்கள். அருகிலேயே அரசின் நேர ஒலிபரப்பு நிலையம் துல்லியமான 20 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டும் ரிசீவருக்குள் கலந்தபோது வித்தியாசம் காதில் கேட்கும் ஒரு சுருதியாக வந்தது. நம் டாங்கிள் செய்யும் அதே கலவை. அந்தச் சுருதி ஒவ்வொரு முறையும் ஸ்புட்னிக் தலைக்கு மேலே வந்துபோகையில் சில நூறு ஹெர்ட்ஸ் இறங்குவதை அவர்கள் கவனித்து, ஒலிநாடாவில் பதிந்தார்கள்.

இறங்கும் வளைவில் இரண்டு செய்திகள் ஒளிந்திருக்கின்றன. மாற்றம் மிக வேகமாக நிகழும் நொடிதான் செயற்கைக்கோள் நமக்கு மிக அருகே இருந்த நொடி. அந்த இடத்தில் வளைவு எவ்வளவு செங்குத்தோ அவ்வளவு அருகில் அது கடந்திருக்கிறது. சாய்வாக இருந்தால் தொலைவில் போயிருக்கிறது. இதோடு நியூட்டனின் ஈர்ப்பு விதியையும் சேர்த்தால், எல்லா வளைவுகளுக்கும் பொருந்துகிற சுற்றுப்பாதை ஒன்றே ஒன்றுதான் மிஞ்சும். ராடார் இல்லாமல், தொலைநோக்கி இல்லாமல், ஓரிடத்தில் உட்கார்ந்தபடி கேட்டே ஸ்புட்னிக்கின் பாதையை அவர்கள் கணித்துவிட்டார்கள்.

1958 மார்ச்சில் அவர்களின் மேலாளர் ஃபிராங்க் மெக்லூர் ஒரு கேள்வி கேட்டார்: நாம் இருக்கும் இடம் தெரிந்தால் செயற்கைக்கோளின் பாதையைக் கண்டுபிடிக்க முடிகிறது; பாதை தெரிந்தால் நாம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாதா? முடியும். அதிலிருந்து பிறந்தது டிரான்சிட், உலகின் முதல் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பு. 1960 ஏப்ரலில் அதன் முதல் வெற்றிகரமான செயற்கைக்கோள் மேலே போயிற்று. அமெரிக்க நீர்மூழ்கிகள் கடலில் தங்கள் இடத்தை அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டன. ஜிபிஎஸ் அதற்குப் பின் வந்த தலைமுறை.

இன்னொரு கதை எனக்கு இதைவிடப் பிடிக்கும். இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் ஜெஃப்ரி பெர்ரி இயற்பியல் ஆசிரியர். மாணவர்களுக்கு டாப்ளர் விளைவைக் கண்முன் காட்டத்தான் சோவியத் செயற்கைக்கோள்களைக் கேட்க ஆரம்பித்தார். 1966-இல் ஏவப்பட்ட காஸ்மாஸ்-112 வழக்கமான பாதையில் வரவில்லை என்பதை அந்தப் பள்ளிக்கூடம் கண்டது. அந்த ஆண்டே வேறொரு சாய்வில் போன இன்னொரு செயற்கைக்கோளின் பாதையையும் வரைபடத்தில் பின்னோக்கி நீட்டிப் பார்த்தபோது, இரண்டு கோடுகளும் ரஷ்யாவின் வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற இடத்தருகே வெட்டிக்கொண்டன. அங்கே ஓர் ஏவுதளம் இருப்பதை சோவியத் அரசு அதிகாரபூர்வமாக ஒப்புக்கொண்டது 1983-இல்தான்.

டாப்ளர் வளைவைக் கேட்டுப் பாதையைக் கண்டுபிடிக்கும் இந்த வேலை இன்றும் தேவைப்படுகிறது. 2017 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரே பிஎஸ்எல்வி ராக்கெட் 104 செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விட்டது. இப்படிக் கொத்தாகப் போகும்போது ராடாருக்குப் புள்ளிகள் தெரியும். எந்தப் புள்ளி யாருடையது என்று தெரியாது. குறிப்பிட்ட அதிர்வெண்ணில் வரும் டாப்ளர் வளைவு எந்தப் புள்ளியின் பாதையோடு பொருந்துகிறதோ, அதுதான் அந்தச் செயற்கைக்கோள். 2014-இல் கிரேக்கத்தில் தொடங்கிய சாட்நாக்ஸ் என்ற திறந்தமூல வலையமைப்பில் உலகெங்கும் தன்னார்வலர்கள் தங்கள் மாடிகளில் வைத்திருக்கும் எஸ்டிஆர் நிலையங்கள் இப்படிப்பட்ட அடையாளம் காணலுக்கும் உதவுகின்றன. பல்கலைக்கழக மாணவர்கள் செய்யும் சிறு செயற்கைக்கோள்களுக்கு இது பெரிய ஆதரவு. நம் பக்கத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இலும், சத்யபாமா பல்கலைக்கழகத்தின் ஒன்றரைக் கிலோ செயற்கைக்கோள் 2016-இலும் விண்ணுக்குப் போயின.

இதையெல்லாம் மின்சாரம் இல்லாத வெட்டவெளியிலும் சூரிய மின்சாரத்தில் கேட்கலாம். எல்லாம் சரி, மொட்டை மாடியில் ஆன்டெனாவை வைத்துக் கேட்கலாமே, வயல்வெளிக்குச் சோலார் பேனலைத் தூக்கிக்கொண்டு ஏன் போகவேண்டும்? மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. இயற்கையின் இரைச்சலைப் பற்றித்தான் இதுவரை பேசினோம். நகரத்தில் மனிதன் செய்யும் இரைச்சல் அதைப் பல மடங்கு மிஞ்சிவிடுகிறது. எல்இடி பல்பின் டிரைவர், செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மின்சாரத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒட்டுபவை. மலிவான சார்ஜர் ஒன்றைச் செருகிப் பாருங்கள், அருவித்திரை முழுக்கச் சம இடைவெளியில் கம்பி கட்டியதுபோல் கோடுகள் இறங்கும். இன்னொரு தொல்லை பக்கத்து எஃப்எம் நிலையம். டாங்கிள் ஓர் அலையின் உயரத்தை 256 படிகளில்தான் அளக்கும். பல கிலோவாட் எஃப்எம் அத்தனை படிகளையும் பிடித்துக்கொண்டால், லட்சம் கோடியில் கால்வாசி நிற்க ஒரு படிகூடக் கிடைக்காது. எனவே ஊரை விட்டு விலகுவது ஒரு நல்ல ஆன்டெனா வாங்குவதற்குச் சமம் என்பேன். சூரிய மின்சாரம் அதற்கான கால்கள்.

கணக்கு எளிது. டாங்கிள் ஒன்றரை வாட், அதை இயக்கும் ராஸ்பெர்ரி பை போன்ற சின்னக் கணினி நாலைந்து வாட். மொத்தம் ஆறு என்று வைத்தால் ஒரு நாளுக்கு 144 வாட்-மணி. 12 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். 50 வாட் பேனலுக்கு நாளொன்றுக்கு நாலரை, ஐந்து மணி நேர முழு வெயில் கிடைத்தால், இழப்பு போக 160 வாட்-மணியாவது உள்ளே வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது நாள் முழுக்க ஓடவிடாமல், செயற்கைக்கோள் கடக்கும் நேரங்களில் மட்டும் கணினியை எழுப்பினால் பேட்டரி பல நாள் தாங்கும். கடக்கும் நேரங்களைப் பாதை விவரங்களிலிருந்து நிரலே முன்கூட்டிச் சொல்லிவிடும்.

ஒரு வேடிக்கை இங்கே காத்திருக்கிறது. இரைச்சலுக்குப் பயந்து வயல்வெளிக்கு வந்தால், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் சார்ஜ் கன்ட்ரோலரும் அதே வெட்டி ஒட்டும் ஜாதி! பேனலின் நீண்ட ஒயர்கள் ஆன்டெனாவாகி அந்த இரைச்சலை வீசுகின்றன. ஒயரை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றலாம். அதைவிட நல்ல வழி, கடக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிடமும் பேனலைத் துண்டித்துவிட்டு பேட்டரியிலேயே ஓட்டுவது. வெயிலும் கவனிக்கவேண்டிய விஷயம். மலிவான டாங்கிளின் படிகம் பத்து லட்சத்தில் ஐம்பது பங்கு பிசகினால் 437 மெகாஹெர்ட்ஸில் அது 22 கிலோஹெர்ட்ஸ். டாப்ளர் நகர்வைவிட இரண்டு மடங்கு. சூடேறும்போது இந்தப் பிசகும் நகரும் என்பதால் வளைவே நம்பமுடியாததாகிவிடும். வெப்பத்துக்கு ஈடுசெய்யும் படிகம் உள்ள டாங்கிளாகப் பார்த்து வாங்கி, பேனலின் நிழலிலேயே வைத்துவிட்டால் போதும்.

ஆர்வம் வந்திருந்தால் பேனலில் தொடங்காதீர்கள். டாங்கிள், லேப்டாப், தலா 53 சென்டிமீட்டரில் இரண்டு குச்சிகள் போதும். குச்சிகளை 120 பாகையில் விரித்து, தரைக்கு இணையாக, 'வி'-யின் திறப்பு வடக்கையோ தெற்கையோ பார்க்க வையுங்கள். ஏனென்றால் மெட்டியோர் துருவம் நோக்கிப் போவது. படம் விழ ஆரம்பித்து, வீட்டு இரைச்சல் எரிச்சலூட்டும்போது பேட்டரியையும் பேனலையும் வாங்கலாம். இதே டாங்கிளில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ரேடியோவையும் 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கலாம். 2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து இந்திய மாணவர்களோடு அமெச்சூர் ரேடியோ வழியாகப் பேசினார். கேட்பதோடு நிற்காமல் பதிலும் பேச ஆசை வந்தால், மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் அமெச்சூர் நிலையத் தேர்வை எழுதி முதலில் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள்.